ஜெய்சங்கர்: வீடியோவில் தெரிபவரும் ஃபைலில் இருந்தவரும்

கேள்வி – 2025 ஜனவரி 9

இன்று வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கருக்குப் பிறந்தநாளாம். காலையிலிருந்து வாட்ஸாப்பில் நாலு வீடியோ. எல்லாவற்றிலும் யாரோ ஒரு வெளிநாட்டு நிருபரை மூக்குடைக்கிறார், கீழே பிஜிஎம் வேறு. ஒரு வார்டு தேர்தலில்கூட நிற்காத அதிகாரி, நேராக கேபினட் அமைச்சர். மூக்குடைத்ததைத் தவிர இவர் செய்தது என்ன? ஓட்டு வாங்காதவர் கையில் வெளியுறவைக் கொடுப்பது சரியா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். (கொள்ளிடக்கரையான்)

ஜனவரி 9, இரவு

வார்டு தேர்தலில் நிற்காதவர் என்பது உண்மைதான். 2019 மே 30 பதவிப் பிரமாணம், ஜூன் கடைசியில் பா.ஜ.க.வில் சேர்ந்தார், ஜூலையில் குஜராத்திலிருந்து ராஜ்யசபா. முதலில் மந்திரி, அப்புறம் கட்சி, அப்புறம் எம்.பி. ஆனால் 1991இல் மன்மோகன் சிங் நிதியமைச்சரானபோதும் முதலில் பதவி, சில மாதம் கழித்துத்தான் ராஜ்யசபா. அப்போது இந்தக் கேள்வியை யாரும் இவ்வளவு காரமாகக் கேட்டதாக ஞாபகம் இல்லை.

என் வாதம் வேறு. அவர் பெரிய வேலை செய்ததெல்லாம் நமக்கு அவர் பெயர் தெரியாத காலத்தில். நாளை எழுதுகிறேன், தூக்கம் வருகிறது.

ஜனவரி 10

கீசர் ரிப்பேர்காரருக்காகக் காத்திருக்கிறேன், அதனால் இது நீளமாகப் போகும்.

நான் டெல்லியில் ஒரு மத்திய அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ரிடையர் ஆனவன். சவுத் பிளாக், அதாவது வெளியுறவு அமைச்சகம், இல்லை. ஆனாலும் ஃபைல் எங்கே போனாலும் ஃபைல்தான். வெளியில் இருப்பவர்களுக்கு அரசாங்கம் என்றால் மந்திரி, செக்ரட்டரி. உள்ளே இருந்தவனுக்குத் தெரியும், ஒரு விஷயம் நகர்வதும் படுப்பதும் ஜாயின்ட் செக்ரட்டரி மேஜையில். கீழேயிருந்து வரும் நோட்டைத் திருத்தி, மேலே உள்ளவர் 'சரி' என்று மட்டும் எழுதினால் போதும் என்கிற அளவுக்குத் தயார் செய்து அனுப்புகிற ஆள் ஜே.எஸ்.

2004 முதல் 2007 வரை அமெரிக்கப் பிரிவின் ஜே.எஸ். ஜெய்சங்கர். 2005 ஜூலை 18 மன்மோகன்–புஷ் கூட்டறிக்கை அந்தக் காலத்தில்தான். அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் (என்.பி.டி.) கையெழுத்துப் போடாத, குண்டு வெடித்துக் காட்டிய ஒரு நாட்டோடு சிவில் அணுசக்தி வியாபாரம் செய்ய அமெரிக்கா சம்மதித்த நாள். அறிக்கை வந்துவிட்டது, கைதட்டினார்கள். அதற்கப்புறம் ஆரம்பித்ததுதான் வேலை. எந்த உலை சிவில், எது ராணுவம் என்று பிரிக்க வேண்டும் (2006 மார்ச்சில் 22இல் 14 சிவில் என்று முடிந்தது). பயன்படுத்திய எரிபொருளை மறுபடி பிரித்தெடுக்க நமக்கு உரிமை உண்டா? நாம் திரும்பவும் வெடித்தால் என்ன ஆகும்? '123 ஒப்பந்தம்' என்று பேப்பரில் படித்தோமே, அதன் வாசகம் 2007 ஜூலையில்தான் முடிந்தது. அவ்வளவு காலம் வரிக்கு வரி இழுபறி. 2008 அக்டோபரில் வாஷிங்டனில் கையெழுத்துப் போட்ட போட்டோவில் இருப்பவர்கள் பிரணாப் முகர்ஜியும் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கோண்டலீசா ரைஸும். ஜெய்சங்கர் அப்போது சிங்கப்பூரில் ஹைகமிஷனர்.

இதைவிட எனக்குப் பிடித்தது இன்னொன்று. தாராப்பூர் அணுமின் நிலையத்துக்கு எரிபொருள் தருவதாக 1963இல் அமெரிக்கா ஒப்பந்தம் போட்டிருந்தது. 1974இல் பொக்ரானில் நம் அணுகுண்டுச் சோதனை. 1978இல் அவர்கள் ஒரு சட்டம் கொண்டுவந்து கையை விரித்தார்கள். கடைசியில் 1982இல் பிரான்ஸ் தருகிறேன் என்று வந்தது. அந்தச் சிக்கலைத் தீர்த்த குழுவில் ஒரு ஜூனியர், அண்டர் செக்ரட்டரி: இதே ஜெய்சங்கர். எரிபொருளுக்குக் கையேந்தி நின்ற ஃபைலிலும் இருந்தார், இருபது வருஷம் கழித்து அந்தக் கதவைத் திறந்த ஃபைலிலும் இருந்தார். ஜே.என்.யூ.வில் பிஎச்.டி. பண்ணியதும் அணு விவகாரத்தில்தான். ஒரே விஷயத்தை இப்படி விடாமல் பிடித்திருக்கும் வாய்ப்பு மந்திரிகளுக்குக் கிடைக்காது, அதிகாரிக்குத்தான் கிடைக்கும்.

ஆள் வந்துவிட்டார். தெர்மோஸ்டாட்டாம்.

ஜனவரி 10, மாலை

"அப்போ அணு ஒப்பந்தம் இவர் போட்டதா?" என்று ஒருவர். இல்லை ஐயா. மன்மோகன் சிங் ஆட்சியையே பணயம் வைத்தார், இடதுசாரிகள் ஆதரவை விலக்கிக்கொண்டார்கள், வெளியுறவுச் செயலர்கள் ஷியாம் சரண், சிவசங்கர் மேனன் என்று பெரிய பட்டியலே உண்டு. நான் சொன்னது, அந்த மேஜையில் உட்கார்ந்து வாசகம் எழுதியவர்களில் ஒருவர் என்று.

ஜனவரி 13

பெய்ஜிங் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2009 முதல் 2013 வரை நாலரை வருஷம், சீனாவில் அவ்வளவு நாள் இருந்த இந்தியத் தூதர் வேறு யாரும் இல்லை. அந்தக் காலத்தில்தான் ஜம்மு காஷ்மீர்காரர்களுக்குப் பாஸ்போர்ட்டில் விசா குத்தாமல் தனித் தாளில் ஸ்டேப்ளர் அடித்துக் கொடுத்தார்கள். 2010இல் நம் வடக்கு ராணுவத் தளபதிக்கே முறையான விசா கிடையாது என்றார்கள். பதிலுக்கு நாம் ராணுவப் பரிமாற்றங்களை நிறுத்தினோம். 2013 ஏப்ரலில் லடாக்கின் தெப்சாங்: சீனப்படை உள்ளே வந்து கூடாரம் போட்டு மூன்று வாரம் உட்கார்ந்தது. சீனப் பிரதமர் லீ கெச்சியாங் டெல்லி வரப்போகிற நேரம், சீனர்களுக்கும் அதைக் கெடுத்துக்கொள்ள மனமில்லை. மே 5ஆம் தேதி கிளம்பினார்கள். தூதர் அந்த மூன்று வாரமும் அங்கே யாரை எத்தனை தடவை பார்த்தார் என்று நமக்குத் தெரியாது, தெரியவும் கூடாது.

மோடியை முதன்முதலாகச் சந்தித்ததும் பெய்ஜிங்கில்தான், 2011இல். அவர் குஜராத் முதல்வராக வந்திருந்தார். ஷென்சென்னில் சிக்கியிருந்த சூரத் வைர வியாபாரிகள் விவகாரமும் அந்தப் பயணத்தில் வந்தது. மத்தியில் காங்கிரஸ் ஆட்சி. எதிர்க்கட்சி முதல்வருக்குச் சம்பிரதாயத்துக்கு ஒரு டின்னர் போட்டு அனுப்பியிருக்கலாம். நன்றாக பிரீஃப் பண்ணினார் போலிருக்கிறது.

ஜனவரி 14

பொங்கல் ஆயிற்று, உளுந்து வடை கொஞ்சம் ஜாஸ்தி, உட்கார்ந்துகொண்டு எழுதுகிறேன்.

"எங்க திருச்சிக்காரர்" என்று எழுதிய அன்பருக்கு: திருச்சியில் பிறந்தவர் அப்பா கே.சுப்ரமணியம். பிள்ளை பிறந்தது டெல்லி. அப்பாவைப் பற்றித்தான் உண்மையில் தனி இழை போட வேண்டும். மெட்ராஸ் பிரசிடென்சி கல்லூரியில் கெமிஸ்ட்ரி, 1951 பேட்ச் ஐ.ஏ.எஸ். இந்தியாவுக்கு அணு ஆயுதம் வேண்டும் என்று அது நாகரிகமில்லாத பேச்சாக இருந்த காலத்திலேயே எழுதியவர். எமர்ஜென்சி சமயத்தில் தமிழ்நாட்டில் உள்துறைச் செயலர், அப்போது ஜனாதிபதி ஆட்சி. 1980இல் இந்திரா காந்தி திரும்பி வந்ததும் பாதுகாப்பு உற்பத்திச் செயலர் பதவியிலிருந்து தூக்கப்பட்டார். பிறகு அவருக்கு ஜூனியர் ஒருவர் கேபினட் செக்ரட்டரி ஆனார். அப்பா அதைப்பற்றி வீட்டில் பேசமாட்டார், ஆனால் மூத்த மகன் செயலர் ஆனபோது ரொம்பப் பெருமைப்பட்டார் என்று 2023இல் ஒரு பேட்டியில் ஜெய்சங்கர் சொன்னார். அப்பா இறந்தது 2011. இவர் வெளியுறவுச் செயலர் ஆனது 2015.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு உறுத்தும். 1999இல் அப்பாவுக்குப் பத்மபூஷண் கொடுத்தார்கள், வேண்டாம் என்றார். அதிகாரிகளும் பத்திரிகைக்காரர்களும் அரசாங்க விருது வாங்கக் கூடாது என்பது அவர் கொள்கை. 2019இல் பிள்ளைக்குப் பத்மஸ்ரீ. வாங்கிக்கொண்டார். தப்பில்லை. சும்மா சொல்கிறேன்.

ஜனவரி 16

கேள்வியின் இரண்டாவது பாதியை நான் தொடவே இல்லை என்று கொள்ளிடக்கரையான் கோபித்துக்கொண்டார். ஓட்டு வாங்காதவர் சரியா, இல்லையா.

நம் வெளியுறவுச் செயலர்கள் வீட்டுக்குப் போன கதைகளைப் பாருங்கள். 1987 ஜனவரி, ஏ.பி.வெங்கடேஸ்வரன். பிரஸ் மீட்டில், அவர் அங்கே உட்கார்ந்திருக்கும்போதே, சீக்கிரம் புதுச் செயலரோடு பேசுவீர்கள் என்று ராஜீவ் காந்தி சொல்லிவிட்டார். மனிதர் அன்றே ராஜினாமா. 1990இல் எஸ்.கே.சிங், ஆட்சி மாறியதும் கிளம்பினார். 2015 ஜனவரி 28 ராத்திரி சுஜாதா சிங். இன்னும் ஏழெட்டு மாதம் பாக்கி, கத்தரித்துவிட்டார்கள். மறுநாள் காலை அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர், ஓய்வு பெற மூன்றே நாள் இருந்த ஜெய்சங்கர். 2013இல் மன்மோகன் சிங் இவரைத்தான் விரும்பினார், சீனியாரிட்டி பார்த்து சுஜாதா சிங்குக்குப் போனது என்று அப்போது செய்தி வந்தது. சுஜாதா சிங் மத்திய உளவுத்துறை (ஐ.பி.) தலைவராக இருந்த டி.வி.ராஜேஸ்வரின் மகள். ஆக, இரண்டு தமிழ் அதிகாரிகளின் பிள்ளைகள், ஒரே நாற்காலி.

இதில் என்ன தெரிகிறது? அதிகாரியை நிமிஷத்தில் தூக்கலாம். ஆனால் தூக்கும்வரை அவர் கையில் ஒன்று இருக்கிறது: நோட் ஷீட். அந்தப் பச்சைத் தாளில் "இது சரிப்படாது, காரணம் இவை" என்று எழுதிக் கையெழுத்துப் போடலாம். மேலே இருப்பவர் அதை மீறி உத்தரவு போட்டால், சரி என்று செய்துவிட்டுப் போகலாம். தாள் இருக்கும். என் சர்வீஸில் ஒரு டெண்டர் ஃபைலில் எங்கள் டைரக்டர் அப்படி எழுதினார். மேலிடத்திலிருந்து "பிளீஸ் டிஸ்கஸ்" என்று பென்சிலில் வந்தது. பென்சில்! அழிக்கலாம் பாருங்கள். அவர் போய்ப் பேசிவிட்டு வந்து, "பேசினேன், என் கருத்தில் மாற்றமில்லை" என்று பேனாவில் எழுதி மறுபடி அனுப்பினார். நான்தான் டயரி போட்டு அனுப்பினேன். உத்தரவு அவருக்கு எதிராகத்தான் வந்தது, மாற்றலும் வந்தது. ஆனால் தாளை யாரும் கிழிக்க முடியவில்லை.

அமைச்சருக்கு இந்த வசதி இல்லை. கேபினட் முடிவு எல்லாருடைய முடிவு. ஒத்துவராவிட்டால் வெளியே போக வேண்டும், இல்லையென்றால் வெளியே வந்து அதையே நியாயப்படுத்திப் பேச வேண்டும். சொந்தத் தொகுதி, ஜாதி, மாவட்டம் என்று எதுவும் இல்லாதவர் வெளியே போனால் எங்கே போவார்? அதனால் செயலர் அமைச்சரானால் அதிகாரம் கூடும் என்று எல்லாரும் சொல்வதை நான் முழுசாக நம்பவில்லை. மாட்டேன் என்று எழுதி வைக்கும் உரிமை போய்விடுகிறது.

ஜனவரி 17

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். கொஞ்சம் ஜாஸ்தியாகப் போய்விட்டதோ? அதிகாரி எழுதும் மறுப்பு பெரும்பாலும் அவர் மனசாட்சிக்குத்தான் உதவும், நாட்டுக்கு எவ்வளவு உதவும் என்பது வேறு கதை. இந்தக் காலத்தில் இ-ஆபீஸ் வந்து பச்சைத் தாளும் போய்விட்டது. ஆனாலும் விஷயம் நிற்கிறது என்றே நினைக்கிறேன்.

ஜனவரி 19

நட்வர் சிங்கை ஏன் சொல்லவில்லை என்று மன்னார்குடி அன்பர் கேட்டது நியாயம். ஒப்பிட வேண்டிய ஆள் அவர்தான். 1953 பேட்ச் ஐ.எஃப்.எஸ்., பாகிஸ்தானில் தூதர், 1983 அணிசேரா மாநாட்டைக் கட்டி மேய்த்தவர். 1984இல் சர்வீஸை விட்டுவிட்டு பரத்பூரில் நின்று ஜெயித்து வந்தார். ஓட்டு வாங்கிய டிப்ளமேட்! 2004இல் வெளியுறவு அமைச்சர். ஒரு காலத்தில் ஓட்டு வாங்கியவர்தானே, அது காப்பாற்றியதா? 2005இல் ஐ.நா.வின் வோல்க்கர் விசாரணை அறிக்கையில், இராக் எண்ணெய் விவகாரத்தில், பெயர் வந்தது. முதலில் இலாகா போனது, டிசம்பரில் மந்திரி பதவியே போனது. கட்சி அவரைத் தாங்கிப் பிடிக்கவில்லை. கசப்போடுதான் கடைசிவரை இருந்தார், போன ஆகஸ்டில் காலமானார்.

2005 ஜூலையில் வாஷிங்டன் போன குழுவைக் கற்பனை செய்து பாருங்கள். கூட்டறிக்கை கிட்டத்தட்ட கைவிடப்பட்டு, காலையில் ரைஸ் நேராக வந்து பேசி மறுபடி உயிர்பெற்றது. அன்று நட்வர் அமைச்சர், ஜெய்சங்கர் ஜே.எஸ்.

கே.ஆர்.நாராயணனும் ஐ.எஃப்.எஸ்.தான். ஒத்தப்பாலத்தில் மூன்று தடவை ஜெயித்தார், வெளியுறவில் இணையமைச்சராக இருந்தார், ஜனாதிபதியாக முடித்தார். ஆனால் வெளியுறவுச் செயலராக இருந்து அந்தத் துறைக்கே அமைச்சரானவர் ஜெய்சங்கர் மட்டும்தான். நேற்றுவரை யாரைப் பார்த்து 'சார்' என்று எழுந்து நின்றாரோ, அவருடைய அறைக்கே போய் உட்காருவது மாதிரி.

ஜனவரி 22

டிரம்ப் பதவியேற்பில் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார் என்று போட்டோ. என் போனுக்கு எத்தனை தடவை வந்தது என்ற எண்ணிக்கையை விடுங்கள். சீட்டு எந்த வரிசை என்பது புரோட்டோகால்காரர் வேலை. அதில் என்ன வாங்கிவந்தோம் என்று இன்னும் ஒரு மாதத்தில் தெரியும்.

ஜனவரி 25

கச்சத்தீவு. வரும் என்று தெரியும்.

2024 ஏப்ரல் 1, தேர்தல் நேரம், ஜெய்சங்கர் பிரஸ் மீட். 20 வருஷத்தில் 6184 மீனவர்கள் பிடிபட்டார்கள், 1175 படகுகள் பிடிபட்டன என்று கணக்குச் சொன்னார். 1974, 1976 ஒப்பந்தங்களில் மாநிலத்துக்கும் பங்கு உண்டு என்று தி.மு.க.வையும் இழுத்தார். "2015இல் வெளியுறவு அமைச்சகமே ஆர்.டி.ஐ.யில், அது இந்திய நிலத்தை விட்டுக்கொடுத்தது ஆகாது என்று பதில் கொடுத்ததே, அப்போது செயலர் இவர்தானே" என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். தேதியைப் பாருங்கள்: அந்தப் பதில் 2015 ஜனவரி 27. இவர் நாற்காலியில் உட்கார்ந்தது 29. இரண்டு நாள் தள்ளிப்போச்சு. ஆனால் அமைச்சகத்தின் நிலைப்பாடு ஆளுக்கு ஆள் மாறுகிற சமாச்சாரம் இல்லையே, அந்த அளவில் கேள்வி நியாயம்தான்.

எனக்கு வருத்தம் வேறு. இந்த மனிதர் 1988 முதல் 1990 வரை கொழும்பில் ஃபர்ஸ்ட் செக்ரட்டரி, அமைதிப்படைக்கு அரசியல் ஆலோசகர். ஏறத்தாழ 1200 ஜவான்கள் செத்த அந்தக் கணக்கைக் கிட்டத்தில் இருந்து பார்த்தவர். இலங்கை அரசியல் சட்டத்தில் மாகாணங்களுக்கு அதிகாரம் தரும் 13ஆவது திருத்தம் பற்றி இவருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. மீனவர் பிரச்சினையின் முடிச்சு தீவில் இல்லை, வலையில் இருக்கிறது என்பதும் தெரிந்திருக்கும். ராமேஸ்வரம் விசைப்படகுகளின் இழுவை மடியால் (கடலடியை வாரும் வலை) பாதிக்கப்படுகிறோம் என்று கத்துவது யாழ்ப்பாணத்து, மன்னார்த் தமிழ் மீனவர்கள். தமிழனுக்கும் தமிழனுக்கும் நடுவில் இருக்கிற இந்தச் சிக்கலை ஒரு பழைய டிப்ளமேட் மேடையில் பொறுமையாக விளக்கியிருக்கலாம். தேர்தல் வாரத்தில் அதற்கு யார் கைதட்டுவார்கள்?

ஜனவரி 26

"ரொம்பத்தான் குறை சொல்றீங்க மாமா" என்று ஒரு பெண் எழுதியிருக்கிறாள். சரிம்மா, நிறையும் சொல்கிறேன். எங்கள் அக்கா பேரன் உக்ரைனில், கார்கிவில் எம்.பி.பி.எஸ். படித்துக்கொண்டிருந்தான். 2022 மார்ச் 2ஆம் தேதி, வண்டி கிடைக்காவிட்டால் நடந்தாவது ஊரைவிட்டு வெளியேறுங்கள் என்று தூதரகம் அறிவித்தது. பனியில் பெசோச்சின்வரை நடந்தான். பையில் பாஸ்போர்ட், பிஸ்கட், சார்ஜர், அவ்வளவுதான். ஏழெட்டுப் பேர் கையைக் கோத்துக்கொண்டு போனார்களாம், ஒருத்தன் மட்டும் தேசியக்கொடியைக் கம்பில் கட்டிப் பிடித்திருந்தானாம். அந்த வாரங்களில் 22,500 பேர்வரை திரும்பக் கொண்டுவந்தார்கள். அக்கம்பக்கத்து நாட்டுத் தூதரகங்களில் தூங்காமல் வேலை செய்த ஆட்கள் பெயர் ஒன்றுகூட எங்களுக்குத் தெரியாது. ஜூனில் பிராட்டிஸ்லாவாவில் "ஐரோப்பாவின் பிரச்சினை உலகத்தின் பிரச்சினை, உலகத்தின் பிரச்சினை ஐரோப்பாவின் பிரச்சினை இல்லை என்ற மனோபாவத்தை விடுங்கள்" என்று ஜெய்சங்கர் சொன்ன வீடியோ வந்தபோது எங்கள் குடும்ப குரூப்பில் எல்லாரும் ஃபார்வர்ட் பண்ணினோம். நானும்தான். பேசியது சரியான பேச்சு, மறுக்கவில்லை. பேரன் மட்டும் ஒன்றும் போடவில்லை, அவனுக்கு பாக்கி செமஸ்டரை எங்கே படிப்பது என்று கவலை.

பிப்ரவரி 7

இதைத்தான் ஒரு மாதத்தில் தெரியும் என்றேன், பதினைந்து நாள்கூட ஆகவில்லை.

பிப்ரவரி 5, அமெரிக்க ராணுவ விமானம் அமிர்தசரஸில் இறங்கியது. 104 பேர், கையில் விலங்கு, காலில் சங்கிலி. நேற்று ராஜ்யசபாவில் ஜெய்சங்கர் அறிக்கை. முழுசாகக் கேட்டேன். நாடுகடத்தல் புதிதில்லை என்று வருஷவாரியாகக் கணக்கு: 2009இல் 734, 2019இல் 2042 என்று வரிசையாக. விலங்கு போடுவது 2012 முதல் அவர்கள் நடைமுறையில் இருக்கிறது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் போடுவதில்லை என்று நமக்குச் சொல்லியிருக்கிறார்கள். மோசமாக நடத்தக் கூடாது என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஃபைலாகப் பார்த்தால் எல்லாம் ஒழுங்கு. ஒரு ஜே.எஸ். தயாரித்த பார்லிமென்ட் கேள்வி–பதில் ஃபைல் இதைவிட நன்றாக இருக்க முடியாது. முன்னுதாரணம், அட்டவணை, எதிர்த் தரப்பின் விதி, நடவடிக்கை எடுக்கப்படுகிறது என்று ஒரு வரி. நாங்கள் இப்படித்தான் தயார் செய்து கொடுப்போம், மந்திரி படிப்பார், துணைக்கேள்வி வந்தால் பின்னால் கேலரியில் இருக்கும் அதிகாரிகளிடமிருந்து சீட்டு போகும். இவருக்குச் சீட்டு வேண்டியதில்லை, அவரே அதிகாரி. ஆனால் அந்த இடத்தில் எனக்கு அதிகாரி வேண்டியிருக்கவில்லை. வீட்டை, நிலத்தை விற்று ஏஜென்டிடம் கொடுத்துவிட்டுப் போன பையன், கையில் விலங்கோடு ராணுவ விமானத்திலிருந்து இறங்குகிறான். அவன் ஊர் எம்.பி.யாக இருந்திருந்தால் அட்டவணையை எடுத்திருப்பாரா? ஓட்டு வாங்காதது இங்கே இடிக்கிறது, கொள்ளிடக்கரையான் கேட்டதை இந்த ஒரு இடத்தில் ஒத்துக்கொள்கிறேன்.

பிப்ரவரி 7, ராத்திரி

கொலம்பியா ஜனாதிபதி மாதிரி விமானத்தைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும் என்று ஒருவர். அவர் ஜனவரியில் திருப்பி அனுப்பினார், டிரம்ப் வரி போடுவேன் என்றதும் அதே நாளில் இறங்கிவந்தார். அடுத்த வாரம் மோடி வாஷிங்டன் போகிறார். அதற்கு முன்னால் சத்தம் போட வேண்டாம் என்று கணக்குப் போட்டிருப்பார்கள். கணக்கு தப்பு என்று நான் சொல்லவில்லை. அதைச் சொன்ன குரல்தான் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 9

கசானை (2024 அக்டோபரில் மோடியும் ஷி ஜின்பிங்கும் சந்தித்த ரஷ்ய ஊர்) விட்டுவிட்டீர்களே என்று நினைவூட்டியதற்கு: 2020 ஜூன் கல்வான் மோதல், செப்டம்பரில் மாஸ்கோவில் சீன வெளியுறவு அமைச்சர் வாங் யீயோடு ஐந்து அம்ச உடன்பாடு, அப்புறம் நாலு வருஷம் ராணுவக் கமாண்டர்கள் சந்திப்பு, அதிகாரிகள் சந்திப்பு என்று ஓடி, 2024 அக்டோபரில் ரோந்து ஏற்பாடு. கடைசியாகத் தீர்ந்த இரண்டு இடங்களில் ஒன்று தெப்சாங். ஆம், 2013இல் கூடாரம் போட்டார்களே, அதே தெப்சாங். அங்கே நம் ஆட்கள் பழைய ரோந்து எல்லைவரை நிஜமாகவே போய்வருகிறார்களா என்பதை வைத்துத்தான் இந்த அமைச்சருக்கு நான் மார்க் போடுவேன், வீடியோவை வைத்து அல்ல.

பிப்ரவரி 11

மகன் யு.பி.எஸ்.சி. எழுதுகிறான், ஐ.எஃப்.எஸ். முதல் விருப்பமாகப் போடலாமா என்று கேட்ட அம்மாவுக்கு: போடச் சொல்லுங்கள். ஆனால் மூன்று வருஷத்துக்கு ஒரு ஊர், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் மாறிக்கொண்டே இருக்கும், உங்களுக்கு உடம்பு முடியாதபோது அவன் எந்தக் கண்டத்தில் இருப்பான் என்று சொல்ல முடியாது. ஒரு அந்நிய மொழி கட்டாயம் படிக்க வேண்டும், தேர்வும் உண்டு. ஜெய்சங்கருக்கு ரஷ்ய மொழி வந்தது, முதல் போஸ்டிங்கே மாஸ்கோ. உங்கள் பையன் சீன மொழியோ அரபியோ கேட்டு வாங்கட்டும், வேலை குறையவே குறையாது. இன்டர்வியூவில் பிடித்த அமைச்சர் யார் என்று கேட்டால் மட்டும் இந்தப் பக்கத்தை ஞாபகம் வைத்துக்கொண்டு பேச வேண்டாம் என்று சொல்லுங்கள்.